கரி எடுத்த மண்ணைப் பார்ப்பது எப்படி

அன்பு மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. போஹும் நகரில் விடுமுறை நாளில் பார்க்க இயற்கை என்று எதுவும் இல்லை, ஆல்ப்ஸ் பக்கம் போனால்தான் உண்டு என்று எழுதியிருக்கிறாய். ஆல்ப்ஸ் போய் வா, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஜெர்மனியின் ரூர் வட்டாரத்தில் படிக்கப் போனவன், காலுக்குக் கீழே இருக்கும் மண்ணைப் படிக்காமல் திரும்பினால் எனக்கு மனசு ஆறாது. அங்கே வேலை பார்த்த காலத்தில் நான் நடந்து பழகிய இடங்கள் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் உன் ஊரிலேயே இருக்கும் நிலவியல் தோட்டத்துக்குப் போ. ஒரு காலத்தில் கல் வெட்டிய பள்ளம் அது. பாறைச் சுவரை நின்று நிதானமாகப் பார். கீழே சாய்வாகக் கிடக்கும் அடுக்குகள், அவற்றின் நடுவே கறுப்புப் பட்டையாக நிலக்கரி. முப்பது கோடி ஆண்டுக்கும் முந்தைய சதுப்புக்காடு அது. அந்தச் சாய்வின் தலையைச் சீவிவிட்டு, அதன்மேல் படுக்கை வாட்டத்தில் வேறொரு பாறை உட்கார்ந்திருக்கும். சுமார் பத்துக் கோடி ஆண்டுக்கு முன்பு கடலடியில் படிந்தது. இடையில் இருபது கோடி ஆண்டுக்கான பக்கங்களைக் காணோம். மடிந்து மலையாக எழுந்த நிலம் தேய்ந்து மட்டமாகி, அதன்மேல் கடல் ஏறியிருக்கிறது.

இந்தச் சுவர் புரிந்தால் வட்டாரமே புரிந்துவிடும். கரி அடுக்குகள் தெற்கே ரூர் ஆற்றங்கரையில் தரைக்கே எட்டிப் பார்க்கின்றன. வடக்கே போகப்போகப் பிற்காலப் பாறைக்குக் கீழே ஆழமாக இறங்குகின்றன. அதனால்தான் சுரங்கத் தொழில் தெற்கே கைக்கு எட்டிய குழிகளில் தொடங்கி, வடக்கே ஆயிரம் மீட்டருக்கும் கீழே போய் முடிந்தது. தெற்கே காடும் பள்ளத்தாக்கும் எஞ்சியிருப்பதிலும், வடக்கே பெரும் ஆலை நகரங்கள் முளைத்ததிலும் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

தெற்கே விட்டன் நகரை ஒட்டிய முட்டன்டால் பள்ளத்தாக்கு அந்தத் தொழிலின் தொட்டில் என்று சொல்வார்கள். பன்றி மேய்த்த பையன் ஒருவன் குளிருக்குத் தீ மூட்டினானாம். காலையில் பார்த்தால் விறகு சாம்பலாகியும் கீழே கறுப்புக் கல் கனன்றுகொண்டிருந்ததாம். கதைதான். ஆனால் கரி தரையில் தலைகாட்டிய இடத்தில் பிறந்த கதை. மரங்களுக்கு இடையே சின்னச் சின்னக் குழிவுகள் தெரிந்தால் இயற்கைப் பள்ளம் என்று நினைத்துவிடாதே. பழைய கரிக்குழிகள் அவை. பாதையை விட்டு இறங்காதே. பூமிக்கடியில் கைவிட்ட வெற்றிடங்கள் இன்னும் இருக்கின்றன. 2000 ஜனவரியில் உன் போஹும் நகரின் வாட்டன்ஷைட் பகுதியில் திடீரெனத் தரை இறங்கி, கார் கொட்டகையே உள்ளே போனது.

வடக்கே எம்ஷர் ஆற்றுப் பக்கம் போனால் நிலம் தட்டையானது. அங்கே குன்று ஒன்று கண்ணில் பட்டால், அது அநேகமாக மனிதன் கொட்டியதுதான். கரியோடு வெளியே வந்த கல்லைக் கொட்டிக் கொட்டி உண்டான மேடு, ‘ஹால்டே’ என்பார்கள். ஹெர்டன் நகரின் ஹோஹேவார்டும் போட்ராப்பின் ஹானியலும் கடல் மட்டத்துக்கு மேல் 150 மீட்டரைத் தாண்டியவை. எல்லாரும் உச்சியில் நிறுத்தியிருக்கும் சிற்பத்தையும் சூரியக் கடிகாரத்தையும் படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நீ சரிவைப் பார்.

அந்தக் கறுப்புக் கல் வெயிலில் கொதிக்கும், தண்ணீரைத் தேக்காது. அங்கே முதலில் வருவது பெரும்பாலும் பிர்ச் மரம்; காற்றில் பறந்து வரும் அதன் விதைக்கு மண் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. வெறும் கல்லில் ஒரு வெட்டுக்கிளி இருக்கும். உட்கார்ந்திருக்கும்போது கல்லோடு கல்லாக மறைந்துபோகும். எழுந்து பறந்தால் சிறகு நீலம். மழை பெய்து நிற்கும் ஆழமில்லாத குட்டைகளில் முதுகில் மஞ்சள் கோடு போட்ட ஒரு தேரை முட்டையிடும். நிழலும் மீனும் இல்லாத, சீக்கிரம் வற்றிவிடும் குட்டைதான் அதற்கு வேண்டும். வெள்ளம் கலைத்துப்போட்ட ஆற்றுமணலில் வாழ்ந்த இனம் அது. ஆறுகளுக்குக் கரை கட்டிவிட்ட பிறகு சுரங்கக்காரன் கலைத்த மண்ணில் வந்து ஒண்டியிருக்கிறது. மரம் அடர்ந்தால் இந்த இரண்டுக்குமே இடமில்லை. ஆகவே சில இடங்களில் மரக்கன்றுகளை வெட்டி, தரையைச் சுரண்டி வெறுமையாக வைக்கிறார்கள். பசுமைதான் இயற்கை என்று பழகிய நமக்கு இது விந்தையாகப் படும். எனக்கு இந்த வட்டாரம் கற்றுக்கொடுத்த பெரிய பாடம் இதுதான்: பழைய காடு இங்கே திரும்பி வரவில்லை, முன்பு இல்லாத ஒன்று புதிதாக உருவாகிக்கொண்டிருக்கிறது. காடாக விட்டதையும் பார்க்கலாம்; கெல்சன்கிர்ஷனில் ரைன்எல்பே சுரங்கம் இருந்த இடத்தில் மரங்கள் தம் போக்கில் வளர்கின்றன.

எம்ஷர் ஆற்றுக்கு அவசியம் போ. நூறாண்டுக்கும் மேலாக அது சாக்கடையாக இருந்தது. சுரங்கம் தோண்டத் தோண்ட மேலே தரை இறங்கியது. பூமிக்கடியில் குழாய் பதித்தால் உடைந்துவிடும். எனவே ஆற்றையே கான்கிரீட் வாய்க்காலாக்கி, ஊர்க்கழிவு முழுவதையும் திறந்தபடி ஓடவிட்டார்கள். யாரும் உள்ளே விழுந்துவிடக் கூடாதென்று வேலி வேறு. சுரங்கங்கள் மூடி நிலம் அடங்கிய பிறகுதான் 1992-இல் மீட்கும் வேலை தொடங்கியது. டோர்ட்முண்டிலிருந்து 51 கிலோமீட்டருக்கு நிலத்தடிக் கழிவுக் குழாய் போட்டு, 500 கோடி யூரோவுக்கு மேல் செலவழித்து, 2021 முடிவில் ஆற்றுக்குள் கழிவு விழுவதை நிறுத்தினார்கள். ஒரு கிளையோடையின் மேற்பகுதியில் பிழைத்துக் கிடந்த சிறு மீன் இனம் ஒன்றை மற்ற ஓடைகளிலும் விட்டிருக்கிறார்கள்.

அழகில் மயங்கி ஒன்றை மறந்துவிடாதே. இறங்கிப்போன நிலத்திலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பம்புகளை நிறுத்தினால் அங்கே ஊர்கள் பல ஏரியாகிவிடும். ஆழத்தில் தேங்கும் சுரங்க நீரும் குடிநீரோடு கலக்கும் உயரத்துக்கு ஏறாமல் இறைத்தாக வேண்டும். இதை ‘நித்தியக் கடமை’ என்றே பெயரிட்டு, 2007-இல் ஓர் அறக்கட்டளை அமைத்து, ஆண்டுக்கு இருபது கோடி யூரோவுக்கு மேல் ஒதுக்குகிறார்கள். நூற்றைம்பது ஆண்டு எரித்த கரிக்கு முடிவில்லாத காலத்துக்குத் தண்டம். கரி வெட்டும் எந்த நாடும் முதல் மண்வெட்டி விழுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கோடையில் கிழக்கே ஹாம் நகருக்குப் போ. ஈழத்திலிருந்து வந்த நம் மக்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில் அங்கே இருக்கிறது. 2002-இல் குடமுழுக்கு நடந்தது. திருவிழாவில் தேர் ஓடும். அம்பாள் தீர்த்தமாடுவது அங்குள்ள கால்வாயில். கரி ஏற்றிய படகுகள் போய்வந்த நீர் அது.

போகும்போது நல்ல காலணி, மழைச்சட்டை, ஒரு கைலென்ஸ், குறிப்பேடு எடுத்துக்கொள். பார்த்த செடியைப் பறிக்காமல் வரைந்துகொள்.

இன்னொன்றும் செய். போட்ராப்பில் கடைசிச் சுரங்கம் மூடியது 2018 டிசம்பர் 21 அன்று. அதில் இறங்கி உழைத்தவர்கள் இன்னும் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். சுரங்க அருங்காட்சியகங்களில் வழிகாட்டிகளாகவும் இருக்கிறார்கள். ‘கிளூக் ஆவுஃப்’ என்று அவர்கள் வழக்கப்படியே வணக்கம் சொல்லி, இந்த மேட்டுக்கு அடியில் என்ன இருந்தது என்று கேள். இன்னும் முப்பது ஆண்டு கழித்துப் போகிறவனுக்கு அதைச் சொல்ல ஆள் இருக்காது. கேட்டதை எனக்கும் எழுது.

அன்புடன்,
மாமா