‘ஒரு பாட்டில் ஏத்துங்க’ என்று கேட்கும் முன்



காசிமேட்டில் வெயிலில் மீன் விற்கிறோம். திருவொற்றியூர், எண்ணூர் கம்பெனிகளில் நின்றபடி வேலை பார்க்கிறோம். கிறுகிறுப்பு வந்தால் பக்கத்து கிளினிக்கில் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்பது நம்ம பக்கம் வழக்கம். இது சரியா?

நம் ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்கணும். வாந்தி, பேதி, சில பிரஷர் மாத்திரைகள், அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடிப்பது ஆகியவற்றால் இது குறையலாம். குறைந்தால் அசதி, தலைவலி, குமட்டல், தடுமாற்றம் வரும். ரொம்பக் குறைந்தால் குழப்பம், வலிப்பு வரும். வீட்டுப் பெரியவங்க திடீர்னு சம்பந்தமில்லாமல் பேசினால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீங்க.

பாட்டில் எல்லாம் ஒன்றல்ல. சாதாரண சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு உண்டு. வெறும் குளுக்கோஸ் பாட்டிலில் உப்பே கிடையாது. அது சோடியத்தை இன்னும் குறைத்துவிடலாம். சலைனும் எல்லோருக்கும் ஒத்துவராது. சிலருக்குத் தண்ணீரைக் குறைப்பதே வைத்தியம். சோடியம் வேகமாக ஏறினாலும் மூளை பாதிக்கும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்து, நிதானமாக ஏற்றுகிறார்கள்.

நாம் செய்ய வேண்டியவை:

1. பேதியானால் ஓ.ஆர்.எஸ். பொடியை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்க.

2. குழப்பம், வலிப்பு என்றால் வாயில் எதுவும் ஊற்றாதீங்க. உடனே 108-ஐக் கூப்பிடுங்க. ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துப் போங்க.

3. சாதாரண அசதிக்கு டிரிப் ஏற்றச் சொன்னால், "சோடியம் டெஸ்ட் எடுக்கணுமா? இது என்ன பாட்டில்?" என்று தைரியமாகக் கேளுங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டிப் பேசுவோம்.