நோயறிந்து மருந்திடுதல்

தோட்டப்புறங்களில் மாடும் ஆடும் வளர்ப்போர் பலர். பால் விற்ற பணத்தால் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்களை நாம் அறிவோம். அத்தகைய கால்நடைகள் நோயுறும்போது அவற்றைக் காக்க மருந்து மட்டும் போதாது. நோய் இன்னதென அறியும் அறிவே முதலில் வேண்டும். அவ்வறிவு ஒருமுறை கற்று முடித்துவிடக் கூடியதன்று. இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு.

1998ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் பேராக் மாநிலத்து ஈப்போ வட்டாரத்தில், பன்றி வளர்ப்போரிடையே கடும் மூளைக்காய்ச்சல் தோன்றியது. கொசுவினால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே அது முதலில் கருதப்பட்டது. சிலரின் இரத்தச் சோதனையும் அதற்கு இடந்தந்தது. கொசுவை ஒழிக்கப் புகை மருந்து அடிக்கப்பட்டது, தடுப்பூசியும் போடப்பட்டது. ஆயினும், விற்கப்பட்ட பன்றிகளோடு நோய் நெகிரி செம்பிலானுக்கும் சென்றது.

கூர்ந்து நோக்கியோர்க்கு ஐயம் எழுந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைத் தாக்கும். இதுவோ பன்றிகளைக் கையாண்ட பெரியவர்களைத் தாக்கியது. தடுப்பூசி பெற்றோரும் மாண்டனர். பன்றிகளும் உரத்த இருமலோடு நோயுற்றன. 1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரிடமிருந்து புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். 1994இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ரா கிருமிக்கு அது நெருங்கிய உறவுடையது என்பது அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் தெளிவாயிற்று. சுங்கை நீப்பா என்னும் சிற்றூரின் பெயரே அதற்கு இடப்பட்டது.

கவனம் கொசுவை விட்டுப் பன்றிகளிடம் திரும்பியது. ஏறத்தாழ 11 இலட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன, நோய் அடங்கியது. அதற்குள் நம் நாட்டில் 265 பேர் நோயுற்று, அவர்களுள் 105 பேர் இறந்தனர். பழந்தின்னி வௌவாலே அக்கிருமியின் இயற்கை இருப்பிடம் எனப் பின்னர் அறியப்பட்டது.

குதிரை நோயைப் பற்றி அயல்நாட்டில் எழுதி வைக்கப்பட்ட செய்தி, இங்குப் பன்றி நோயை அறிய உதவியது. கால்நடை மருத்துவர் புதியன கற்றுக்கொண்டே இருக்க வேண்டுவது இதனாலேயாம்.

வளர்ப்போராகிய நமக்கும் கடமை உண்டு. கால்நடை திடீரென நோயுற்றாலோ இறந்தாலோ கால்நடை இலாகாவுக்கு உடனே அறிவித்தல் வேண்டும். நோயுற்றதை விற்பதும், அறுத்து உண்பதும் கூடா. அண்டை வீட்டார் கொடுத்த மிச்ச மருந்தைப் போடுதல் தவறு. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து வைரஸ் நோயைத் தீர்க்காது. ஊசி போட்டபின் எத்தனை நாள் பால் கறந்து விற்கலாகாது என்பதை மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று. நோய் தொடங்கிய நாள், கண்ட குறிகள், கொடுத்த மருந்து ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போமாக. வாய் பேசாத உயிருக்காக மருத்துவரிடம் பேச வேண்டியவர் நாமே அல்லவா?