கூண்டுக் கோழிகளைத் தோட்டத்தில் முதன்முறை விடுதல்

நாமக்கல் ஜில்லாவிலும் அதை அடுத்த பிரதேசங்களிலும் கம்பிக் கூண்டுகளில் வளர்க்கப்படும் வெள்ளை லெகார்ன் வழிக் கோழிகள் ஏறக்குறைய 18 முதல் 20 வார வயதில் முட்டையிடத் தொடங்குகின்றன. 72 வாரம் கடந்த பின், சில பண்ணைகளில் இன்னும் சில வாரங்கள் கழித்து, தின்னும் தீனிக்குத் தக்க முட்டை கிடைப்பதில்லை என்னும் கணக்கினால் அவை கழிக்கப்படுகின்றன. கழிவுக் கோழி என்ற பெயருடன் லாரியேறி இறைச்சிக் கடைகளுக்குப் போவதே அவற்றின் வழக்கமான முடிவு. அவற்றில் சிலவற்றை இரக்கத்தினாலோ, விலை மலிவைக் கருதியோ வாங்கிவந்து தோட்டத்தில் விடுவோரும் உண்டு. இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு தரும ஸ்தாபனம் 2005-ம் வருஷத்தில் ஏற்பட்டு, கழிக்கப்பட்ட கோழிகளை வீடுகளுக்குக் கொடுத்து வருகின்றது. கூண்டு முறை நல்லதா, தீயதா என்னும் வாதம் இங்கே வேண்டியதில்லை. வாங்கிவந்த கோழி பிழைக்க வேண்டும். அதனால் ஊர்க் கோழிகளுக்குக் கேடு வரலாகாது. இவ்விரண்டும் கெடுவது பெரும்பாலும் அவசரத்தினாலேயே.

வந்த அன்றே கட்டை அவிழ்த்துத் தோட்டத்தில் விட்டால் என்ன நேரும்? கோழி சந்தோஷத்துடன் ஓடித் திரியும் என்று எண்ணுவது தவறு. அது நின்ற இடத்திலேயே நிற்கும். அல்லது வேலி ஓரத்தில் ஒடுங்கும். ஒரு கோழிக்கு ஒரு முழுத்தாள் அளவு இடமும் இல்லாத கூண்டில் ஒரு வருஷத்துக்கு மேல் நின்ற பட்சி அது. வளர்ந்த பிறகு அது மண்ணை மிதித்ததில்லை, பத்தடி நடந்ததில்லை, பருந்தின் நிழலைக் கண்டு பதுங்கியதில்லை. நாட்டுக் கோழியின் குஞ்சு தாயின் சிறகடியிலிருந்தே கற்ற பாடங்களில் ஒன்றும் இதற்குத் தெரியாது. தண்ணீரைக்கூட முளைக்குழாயைக் கொத்திக் குடித்தே பழகியிருப்பதால், தொட்டியில் நிறைந்த நீரின் பக்கத்திலேயே தாகத்துடன் நிற்பது உண்டு.

எலும்பின் நிலைமையையும் அறிந்திருக்க வேண்டும். முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் ஒரு பகுதியைக் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கின்றது. நடமாட்டமும் இல்லாமையால் கால், இறகு, மார்பெலும்புகள் நொறுங்கும் தன்மை அடைகின்றன. ஆகையால் இவற்றைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குதல் கூடவே கூடாது. இரு கைகளாலும் சிறகுகளோடு சேர்த்து உடலை அணைத்து எடுக்க வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு, காற்றோட்டமுள்ள கூடைகளில் நெருக்கமின்றிக் கொண்டுவருவது நலம். நகம் நீண்டு வளைந்திருந்தால் இரத்த ஓட்டமுள்ள பகுதியை விட்டு நுனியை மட்டும் கத்தரிக்கலாம்.

முதல் 21 நாள்.— நாட்டுக் கோழி வைத்திருப்பவர் இப்பகுதியைக் கவனித்து வாசிக்க வேண்டும். வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய், 1920-களின் பிற்பகுதியில் குமாவோன் மலைப் பிரதேசத்து ராணிக்கெட் என்னும் ஊரில் காணப்பட்டதால் அப்பெயர் பெற்றது. பண்ணைக் கோழிகளுக்கு இந்நோய்க்கான தடுப்பு மருந்து பலமுறை கொடுக்கப்பட்டிருக்கும். தடுப்பு மருந்து கோழியை நோயிலிருந்து காக்குமேயன்றி, அதன் உடலில் நோய்க்கிருமி தங்கி எச்சத்தின் வழியே வெளியேறுவதை முற்றிலும் தடுப்பதில்லை. பார்வைக்குச் சுகமாயிருக்கும் பத்துக் கூண்டுக் கோழிகள், தடுப்பு மருந்தே காணாத ஊர்க் கோழிகளிடையே புகுந்தால், ஒரு வாரத்தில் தெருவெங்கும் கோழி சாகக்கூடும். தன் கோழி செத்தால் தன் நஷ்டம்; அடுத்த வீட்டு ஏழை ஸ்திரீயின் நான்கு கோழிகள் செத்தால் அதற்கு யார் ஈடு செய்வார்?

ஆகையால் புதுக் கோழிகள் 21 நாள் தனியே இருக்க வேண்டும். அவை பின்னால் மேயப்போகும் தோட்டத்திலேயே, வீட்டுக் கோழிகள் அணுகாத ஒரு மூலையில் கொட்டகை அமைத்தால், நோய்க் காவலும் இடம் பழக்குதலும் ஒருங்கே நடைபெறும். தீனிச் சட்டி, தண்ணீர்ப் பாத்திரம், துடைப்பம் யாவும் தனியாக இருத்தல் வேண்டும். வேலையாள் முதலில் பழைய கோழிகளைக் கவனித்துவிட்டுப் பிறகே இவற்றிடம் போக வேண்டும். திரும்பும்போது கை கால் கழுவ வேண்டும். புதியவை வருவதற்கு இரண்டு வாரம் முன்பே வீட்டுக் கோழிகளுக்குக் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போடுவித்தல் உத்தமம்.

கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு விழுதல், பச்சை அல்லது வெள்ளைக் கழிச்சல், மூச்சுத் திணறல், திடீர்ச் சாவு ஆகியவை தோன்றினால் மறைக்கலாகாது. 2009-ம் வருஷத்துக் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி, அட்டவணையிற் கண்ட நோய் இருப்பதாகச் சந்தேகம் கொள்ளும் உடையவர் கிராம அதிகாரியிடமோ ஊராட்சியிடமோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அவர்கள் கால்நடை மருத்துவருக்கு எழுத்து மூலம் அறிவிக்கலாம். செத்த கோழியைக் கால்வாயிலோ குப்பைமேட்டிலோ எறியாமல், ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கச் செய்வதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் கண்காணித்தல் அவசியம்.

கொட்டகைக்குள் பழக்கம்.— முதல் நாள் ஒவ்வொரு கோழியின் அலகையும் தண்ணீரில் மெதுவாக ஒருமுறை நனைத்துக் காட்டினால் போதும். இரண்டொன்று கற்றுக்கொண்டால் மற்றவை பார்த்துப் பழகும். தீனியைத் திடீரென மாற்றக்கூடாது. பண்ணையில் தின்ற முட்டைக்கோழித் தீனியையே, கோழி ஒன்றுக்கு நாளைக்குச் சுமார் 110 கிராம் வீதம், முதலிரண்டு வாரமும் கொடுத்து, பிறகு சோளம், கம்பு, நொய் முதலியவற்றைச் சிறிது சிறிதாகக் கலக்கலாம். இக்கோழிகளின் அலகு நுனி பெரும்பாலும் தீய்க்கப்பட்டிருக்கும். தரையில் சிதறிய தானியத்தை அவை பொறுக்க முடியாமல் வீணே கொத்தும். ஆதலால் தீனி ஆழமான சட்டியில் இருக்க வேண்டும். அரைப்புப் பைக்குப் பொடிக் கல்லும், எலும்புக்கு நொறுக்கிய கிளிஞ்சலும் தனிப் பாத்திரங்களில் எப்போதும் இருக்கட்டும்.

கூண்டில் இருந்த கோழிக்குப் பரண்கட்டை ஏறத் தெரியாது. தரையிலிருந்து ஓரடிக்கு மேற்படாத உயரத்தில் கட்டையை அமைத்து, இருட்டியவுடன் ஒவ்வொன்றாகத் தூக்கி அதன்மேல் வைக்க வேண்டும். ஒரு வாரம் இவ்வாறு செய்தால் பெரும்பாலானவை தாமே ஏறும். உயரமான கட்டையிலிருந்து குதித்து மார்பெலும்பை முறித்துக்கொண்ட கோழியைக் குணப்படுத்துவது அரிது.

ஒரு மூலையில் மணலும் சாம்பலும் கலந்து அரையடி ஆழம் கொட்டிவைக்க வேண்டும். புழுதிக் குளியல் மாத்திரம் யாரும் கற்பிக்க வேண்டாத வித்தை. மண்ணே இல்லாத கம்பித் தரையில்கூடக் கோழிகள் இல்லாத புழுதியில் புரள்வதுபோலச் சிறகடித்துக் கிடப்பதைப் பறவை நூலார் கண்டு எழுதியிருக்கிறார்கள். சில கோழிகள் சிலநாள் தயங்கும். தொடங்கியபின் மணிக்கணக்காகக் கிடக்கும். அப்பொழுது செத்துக் கிடப்பதாகப் பயந்து ஓடிவருகிறவர்கள் உண்டு. பேன் தொல்லை குறைவதற்கும் இதுவே எளிய வழி.

வெளியே விடும் நாள்.— காலையில் திறந்துவிடுவது பலரும் செய்யும் பிழை. அஸ்தமனத்துக்கு ஒரு மணி முன்பு, அன்று மாலைத் தீனி போடாமல், கதவை மட்டும் திறந்து வைக்க வேண்டும். விரட்டுதல், கையால் எடுத்து வெளியே வைத்தல் கூடாது. வாசலில் ஒரு கட்டுக் கீரையைக் கோழியின் கழுத்து மட்டத்தில் தொங்கவிட்டால் அதற்காகத் தைரியமுள்ளது ஒன்று படி தாண்டும். சில கோழிகள் முதல் நாள் வாசற்படியிலேயே நின்றுவிடும், அதுவும் போதுமானதே. இருள் கவியும்போது பசியும் பழகிய கட்டையும் அவற்றை உள்ளே இழுக்கும். தீனிச் சட்டியைத் தட்டி ஓசை செய்து உள்ளே தீனி வைத்தால், அவ்வோசை பின்னாளில் எங்கிருந்தும் அழைக்க உதவும். எண்ணிப் பார்த்துக் கதவடைத்து, வெளியில் தங்கினவற்றை விளக்குடன் தேடி எடுத்து வர வேண்டும். நாளுக்கு நாள் அரைமணி நேரம் அதிகப்படுத்தி, பத்துப் பன்னிரண்டு நாளில் முழுப் பகலும் விடலாம். முற்பகலிலேயே பெரும்பாலான முட்டைகள் விழுவதால், அதன்பின் காலை பத்து மணிக்கு மேல் திறப்பது முட்டையைப் புதரில் இழக்காமலிருக்க உதவும்.

வெண்ணிறக் கோழி பருந்து, வல்லூறுகளின் கண்ணுக்கு வெகு தூரத்திலிருந்தே படும். திறந்த புன்செய் நிலத்தைவிட மா, முருங்கை, தென்னை, வாழையின் நிழலுள்ள தோட்டமே ஏற்றது. இறகுதிர்ந்த தோலும் வெளுத்த கொண்டையும் உச்சி வெயிலில் வெந்துபோகும் என்பதும் இதற்குக் காரணம். கீரி, மரநாய், நாய் ஆகியவற்றுக்காகக் கொட்டகையின் கம்பிவலையை ஓரடி மண்ணுக்குள் புதைக்க வேண்டும். மருந்து கலந்த விதை, எலி பாஷாணம், பூச்சி மருந்து தெளித்த பாத்தி இவை கிட்டும் இடத்தில் கோழியை விடுவதைவிட வாங்காமலிருப்பதே மேல். நீண்டு முற்றிய புல்லை விழுங்கினால் அது இரைப்பையில் உருண்டை கட்டும். புல்லை முன்பே அறுத்துவிட வேண்டும்.

தோட்டத்துக்கு வரும் லாபம் மிகைப்படுத்திச் சொல்லப்படுகின்றது. எருக்குழியைக் கிளறும்போது வெளிப்படும் காண்டாமிருக வண்டின் புழு, கறையான், களை விதை இவற்றைக் கோழி தின்பது உண்மையே. நாற்றங்காலையும் புதிதாக நட்ட கத்தரி, மிளகாய்ப் பாத்திகளையும் கிளறி அழிப்பதும் அவ்வளவுக்கு உண்மை. முட்டையும் பண்ணையில் இட்ட கணக்கில் வராது. இறகுதிர்க்கும் பருவத்தில் இரண்டு மூன்று மாதம் அறவே நிற்கக்கூடும். அதை நோயென்று மயங்கி மருந்து கொடுப்பது வீண் செலவு. லெகார்ன் அடைகாக்கும் ஜாதியுமன்று. மண்ணில் மேயத் தொடங்கிய ஒரு மாதத்தில் குடற்புழு சேரக்கூடுமாதலால், எச்சத்தைச் சோதிப்பித்து மருத்துவர் சொற்படி புழு நீக்க மருந்து கொடுத்தல் வேண்டும்.

வீட்டுக் கோழிகளுடன் சேர்ப்பது கடைசி வேலை. 21 நாளும் கழிந்து, புதியவை தோட்டத்தில் தாமே சுற்றி வரப் பழகிய பின், இரு கூட்டத்துக்கும் நடுவே கம்பிவலை மட்டும் இருக்கச் சில நாள் பார்த்துப் பழகவிட வேண்டும். பிறகு ஒரு நாள் இரவு, பழையவை கட்டையில் உறங்கும்போது புதியவற்றைக் கொண்டுபோய் அதே கட்டையில் ஏற்ற வேண்டும். காலையில் சிறிது கொத்தல் இருக்கும். இரத்தம் கண்டால் மாத்திரம் அக்கோழியைப் பிரித்து, புண்ணில் மஞ்சள் கலந்த வேப்பெண்ணெய் தடவி, ஆறியபின் சேர்க்கலாம். தீனிச் சட்டியும் தண்ணீர்ச் சட்டியும் இரண்டிரண்டு இடங்களில் எட்டஎட்ட வைத்தால் சண்டை பாதியாகக் குறையும்.