ஒருமுறை மட்டுமே நிகழும் நொடி

நுழையும்முன்

திருமண மண்டபத்தில் ஒளிப்பதிவாளரை அனைவரும் காண்பர். அவர் செய்யும் பணியின் அருமையைச் சிலரே அறிவர். அப்பணிக்குக் கருவியைப் பற்றிய அறிவு மட்டும் போதுமா? மக்களின் மொழியையும் வழக்கத்தையும் அறிந்திருக்க வேண்டுமா? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை கூறுகிறது.

மூன்று மொழி வழங்கும் வட்டாரம்

ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில், குப்பம் நகரை அடுத்து அமைந்த ஊர் குடுபல்லி. சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூரு செல்லும் இருப்புப்பாதை இவ்வூர் வழியே செல்கிறது. தமிழ்நாட்டு எல்லையும் கர்நாடக எல்லையும் அருகில் இருப்பதால், இங்குத் தெலுங்கு, தமிழ், கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் வழங்குகின்றன. திராவிட மொழிகளை ஆராய்வதற்கென 1997-இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகமும் குப்பத்தில்தான் உள்ளது.

இத்தகைய வட்டாரத்தில் தொழில் செய்யும் ஒளிப்பதிவாளர், ஒரு வாரம் தமிழ்க் குடும்பத்தின் திருமணத்திலும் மறுவாரம் தெலுங்குக் குடும்பத்தின் திருமணத்திலும் நிற்க நேரிடும். இரண்டிலும் மாலை உண்டு, மேளம் உண்டு, தாலியும் உண்டு. ஆயினும் முகூர்த்த நொடி எது என்பதில் வேறுபாடு உண்டு. தமிழர் திருமணத்தில் கெட்டிமேளம் முழங்கத் தாலி கட்டும் நேரமே முகூர்த்தம். தெலுங்கர் திருமணங்களில் பெரும்பாலும், சீரகமும் வெல்லமும் சேர்ந்த கலவையை மணமக்கள் ஒருவர் தலைமீது ஒருவர் வைக்கும் நேரமே முகூர்த்தம். அதனை 'ஜீலகர்ர பெல்லம்' என்று கூறுவர். அதுவரை இருவருக்கும் இடையே ஒரு திரை பிடிக்கப்பட்டிருக்கும். தாலி கட்டுதல் அதன் பின்னரே நிகழும்.

இவ்வழக்கத்தை அறியாதவர், 'தாலி கட்ட இன்னும் நேரம் இருக்கிறது' என எண்ணி பேட்டரியை மாற்றத் தொடங்கினால், அதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும். 'இன்னொரு முறை செய்யுங்கள்' என்று கேட்கவும் இயலாது. திரைப்படத்தில் ஒரு காட்சி சரியாக அமையாவிட்டால் மீண்டும் எடுக்கலாம். பாலாஜி சக்திவேல் இயக்கத்தில் 2012-இல் வெளிவந்த 'வழக்கு எண் 18/9' என்னும் தமிழ்த் திரைப்படம் டி.எஸ்.எல்.ஆர். வகைக் கேமராவைக் கொண்டே எடுக்கப்பட்டது. அதே வகைக் கருவிதான் திருமண மண்டபத்திலும் பயன்படுகிறது. கருவி ஒன்றே, ஆனால் மண்டபத்தில் மறுவாய்ப்பு இல்லை.

கருவியின் ஆற்றலும் எல்லையும்

டி.எஸ்.எல்.ஆர். கேமரா அடிப்படையில் புகைப்படம் எடுப்பதற்கு உருவானது. லென்சின் வழியே வரும் ஒளியை உள்ளிருக்கும் சிறு கண்ணாடி திருப்பிவிடுவதால், மேலுள்ள துளையில் கண்ணை வைத்துக் காட்சியைக் காணலாம். காணொளி எடுக்கும்போது அக்கண்ணாடி மேலெழுந்துவிடும், துளை இருண்டுவிடும். ஆகவே, பின்புறத் திரையைப் பார்த்தே பதிவு செய்ய வேண்டும். வெயிலில் நடக்கும் ஊர்வலத்தில் அத்திரை தெளிவாகத் தெரியாது.

2008-ஆம் ஆண்டு இவ்வகைக் கேமராவின் வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டு வெளிவந்த நிக்கான் டி90, காணொளி எடுக்கவல்ல முதல் டி.எஸ்.எல்.ஆர். ஆகும். அதனை அடுத்து, கேனான் 5டி மார்க் 2 முழு உயர்தெளிவுக் காணொளியைப் பதிவு செய்தது. இவற்றின் ஒளியுணர் பரப்பு பெரிது. அதனால் மங்கிய ஒளியிலும் படம் தெளிவாக அமையும். முகம் துலங்க, பின்புலம் மென்மையாக மங்கி நிற்கும். இவ்வழகே ஒளிப்பதிவாளர்களைக் கவர்ந்தது. எனினும், மணமகள் சற்றே முன்னால் குனிந்தாலும் முகம் தெளிவை இழந்துவிடும். தொடக்ககாலக் கருவிகள் பதிவின்போது தாமாகத் தெளிவைத் தொடர்ந்து சரிசெய்யவில்லை. லென்சின் வளையத்தைக் கையால் திருப்பிச் சரிசெய்யும் பயிற்சி தேவைப்பட்டது.

மற்றோர் எல்லையும் இருந்தது. முந்தைய வி.எச்.எஸ். நாடா மூன்று மணி நேரம்வரை நிற்காமல் ஓடியது. 5டி மார்க் 2 கேமராவிலோ ஒரு கோப்பு 4 ஜிகாபைட் அளவை எட்டியதும் பதிவு நின்றுவிடும். உயர்தெளிவில் அது ஏறத்தாழ 12 நிமிடமே. பின்னர் வந்த பல கேமராக்களும் 29 நிமிடம் 59 நொடியில் நின்றன. எனவே எப்போது பதிவை நிறுத்தி மீண்டும் தொடங்குவது என்பதை ஒளிப்பதிவாளர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். முகூர்த்தத்திற்குச் சற்று முன்பு அவரே நிறுத்திப் புதிதாகத் தொடங்குவார். இல்லையேல் கருவி தானாக நிற்கும் நொடியும் முகூர்த்த நொடியும் ஒன்றாகிவிடக்கூடும்.

ஒளியும் ஒலியும்

இந்தியாவில் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஆகவே குழல்விளக்கின் ஒளி நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். கண்ணுக்கு அது தெரியாது, கேமராவுக்குத் தெரியும். பொருந்தாத வேகத்தில் எடுத்தால் படத்தில் கருநிறப் பட்டைகள் ஓடும். நொடிக்கு 25 சட்டங்கள், சட்டர் வேகம் 1/50 நொடி என அமைத்துக்கொண்டால் அத்தொல்லை பெரிதும் நீங்கும்.

ஒலியும் தனிக்கவனம் வேண்டுவது. நாதசுரமும் தவிலும் முழங்கும்போது கேமராவின் சிறு மைக் அவ்வொலியைத் தாங்காது; ஓசை சிதையும். பெரியவர்களின் வாழ்த்துரையும் அதில் மூழ்கும். எனவே ஒலியைத் தனிக்கருவியில் பதிவு செய்வதுண்டு. தொடக்கத்தில் கேமராவின் முன் ஒருமுறை கை தட்டுவர். பின்னர்த் தொகுக்கும்போது, கைகள் சேரும் சட்டத்தையும் தட்டொலியையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால், படமும் ஒலியும் இசைந்துவிடும்.

இரு கருவிகள், ஒரு கோடு

இரண்டு கேமராக்கள் இருப்பின் ஒன்று முக்காலியில் நின்று மேடை முழுவதையும் காட்டும். மற்றொன்று முகங்களையும் கைகளையும் அண்மையில் காட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்தலாகாது. ஒன்று நிற்கும்போது மற்றொன்று ஓட வேண்டும்.

மணமக்கள் இருவரையும் இணைத்து ஒரு கோடு வரைந்ததாகக் கற்பனை செய்க. இரு கேமராக்களும் அக்கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்பதே மரபு. ஒன்று மறுபக்கம் சென்றால், வலப்பக்கம் இருந்த மணமகள் திடீரென இடப்பக்கம் தோன்றுவாள். யார் எப்பக்கம் அமர்வது என்பதற்குச் சடங்கில் பொருள் உண்டு. ஆதலால் இக்குழப்பம் படத்தின் குறையாக மட்டும் நில்லாது. சடங்கையே தவறாகக் காட்டிவிடும்.

தொகுப்பவர் கையில் உள்ள பொறுப்பு

மண்டபத்தில் பாதி வேலையே முடிகிறது. மெமரி கார்டில் உள்ளவற்றை இரண்டு தனித்தனி வன்தட்டுகளில் படியெடுத்த பின்னரே கார்டை அழிக்க வேண்டும். ஒரு வன்தட்டு பழுதானாலும் மற்றொன்று காக்கும். அடுத்து, காட்சிகளைப் பார்த்து வரிசைப்படுத்துதல், ஒலியைப் பொருத்துதல், வேண்டாதவற்றை வெட்டுதல், நிறத்தைச் சீர்செய்தல் எனப் பணி தொடரும்.

இவற்றுள் கடினமானது வெட்டுதலே. பல மணி நேரப் பதிவு சில மணி நேரமாகச் சுருங்க வேண்டும். மேடையின் ஒளியில் நிற்போர் எளிதில் இடம்பெறுவர். பின்வரிசையில் அமர்ந்த முதிய பாட்டியின் முகம் எளிதில் வெட்டுண்டு போகும். அவர் அட்சதை தூவி வாழ்த்திய நான்கு நொடிகள், தொகுப்பவருக்கு முக்கியமற்றதாகத் தோன்றலாம். வேற்றூரில் வாழும் பேரப்பிள்ளைகளுக்கோ, பின்னாளில் அவர் குரலைக் கேட்க அந்நான்கு நொடிகளே எஞ்சியிருக்கக்கூடும். எனவே, வெட்டுவதற்குமுன் குடும்பத்தாரிடம் முதியோர் யாவர், தொலைவிலிருந்து வந்தோர் யாவர் எனக் கேட்டறிவது நல்ல தொகுப்பாளரின் இயல்பு.

நல்ல கேமராவை விலைகொடுத்து வாங்கலாம். எந்த நொடி எந்தக் குடும்பத்திற்கு விலைமதிப்பற்றது என்னும் அறிவை, அவர்களின் மொழியைக் கேட்டும் வழக்கத்தைக் கண்டுமே பெற முடியும்.

சொல்லும் பொருளும்

வழக்கம் – மரபாகச் செய்துவரும் முறை
துலங்குதல் – தெளிவாக விளங்குதல்
சட்டம் – காணொளியின் ஒரு தனிப்படம்
அட்சதை – வாழ்த்தித் தூவும் மஞ்சளரிசி
எஞ்சுதல் – மிஞ்சுதல்

பயிற்சி

1. தமிழர் திருமணத்திலும் தெலுங்கர் திருமணத்திலும் முகூர்த்த நொடி எவ்வாறு வேறுபடுகிறது?
2. காணொளி எடுக்கும்போது டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் மேல்துளை இருண்டுவிடுவது ஏன்?
3. கணக்கிடுக: 12 நிமிடப் பதிவுக்கு 4 ஜிகாபைட் எனில், ஒரு மணி நேரப் பதிவுக்கு எவ்வளவு இடம் தேவை?
4. 'கருவி ஒன்றே, ஆனால் மண்டபத்தில் மறுவாய்ப்பு இல்லை' – இத்தொடரை விளக்குக.
5. உம் வீட்டுத் திருமணச் சடங்குகளின் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டுத் தமிழில் எழுதுக. நீவிர் வாழும் ஊரின் மொழியில் அவற்றுக்கு ஈடான பெயர்களையும் அருகில் எழுதுக.