‘பப்ளிஷ்’ அழுத்துவதற்கு முன்

மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டை ப்ராஜெக்ட் சர்வருடன் இணைத்து வேலை பார்க்கத் தொடங்கிய புதிது. பில்ட் தாமதமாகும் என்று ஒரு வெள்ளிக்கிழமை மாலை தெரிந்தது. டெஸ்டிங் பணிகளை ஒரு வாரம் தள்ளிவைத்து, சேவ் செய்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை காலை டெஸ்டிங் குழுவில் இருந்த பெண் என் மேசைக்கு வந்தார். “சார், இன்னிக்கு டெஸ்டிங் ஆரம்பம்னு என் லிஸ்ட்ல இருக்கு. பில்ட் எங்க சார்?” அன்றுதான் ஊரில் அவருடைய அக்காவுக்கு வளைகாப்பு. வேலை இருக்கிறதே என்று போகாமல் வந்திருந்தார்.

நான் சேவ் மட்டும்தான் செய்திருந்தேன். சேவ் செய்தால் திட்டத்தின் வரைவு சர்வரில் பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான். பப்ளிஷ் செய்தால்தான் புதிய தேதி குழுவினரின் பணிப்பட்டியலுக்குப் போகும். 2007, 2010 பதிப்புகளில் வரைவுக்கும் வெளியீட்டுக்கும் தனித்தனி டேட்டாபேஸ்களே இருந்தன. 2013இல் அவற்றை ஒன்றாக்கினார்கள். ஆனால் வரைவு வேறு, வெளியீடு வேறு என்பது மாறவில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டவை இவை:

1. ஒருவருடைய தேதி மாறுவது உறுதியானால் அன்றே பப்ளிஷ் செய்யுங்கள். பட்டனை அழுத்தியதும் எழுந்துவிட வேண்டாம். அந்த வேலை சர்வரின் வரிசையில் நின்றுதான் முடியும். முடிந்ததைப் பார்த்துவிட்டு, திட்டத்தைச் செக்-இன் செய்து மூடுங்கள். இல்லையென்றால் வேறு யாரும் அதைத் திருத்த முடியாது.

2. அதற்காக ஒவ்வொரு யோசனையையும் வெளியிடாதீர்கள். முதல் தவறுக்குப் பயந்து, தொட்டதற்கெல்லாம் பப்ளிஷ் செய்த காலமும் எனக்கு உண்டு. ஒரே பணிக்கு ஒரே நாளில் மூன்று தேதிகள் போனால், நான்காவதை யாரும் நம்பமாட்டார்கள். முடிவாகாத பணிக்கு, டாஸ்க் அட்டவணையில் உள்ள ‘பப்ளிஷ்’ என்ற பத்தியில் ‘நோ’ என்று வையுங்கள். ஆள் இன்னும் உறுதியாகவில்லையா? அவரை ‘ப்ரொபோஸ்டு’ என்று சேர்த்தால், பணி அவர் பட்டியலுக்குப் போகாது.

3. திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்ததும், வேலை தொடங்குவதற்கு முன் பேஸ்லைன் போடுங்கள், அதாவது அப்போதைய திட்டத்தைப் பதிந்து வையுங்கள். மொத்தம் 11 பேஸ்லைன்கள் வரை வைத்துக்கொள்ளலாம். முதலாவதை அழித்து மேலே எழுதாதீர்கள். எங்கே தொடங்கினோம் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

4. யார் வெளியிடுகிறார் என்பதைக் கவனியுங்கள். ஒரு பணியை முதலில் பப்ளிஷ் செய்பவரே அதன் ‘ஸ்டேட்டஸ் மேனேஜர்’ ஆவார். நான் விடுப்பில் இருந்தபோது சக மேலாளர் ஒருவர் உதவிக்குப் பப்ளிஷ் செய்தார். புதிதாகச் சேர்ந்த பணிகளின் முன்னேற்ற விவரங்களெல்லாம் அவருக்கே போயின. பத்து நாள் கழித்துத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ‘ஸ்டேட்டஸ் மேனேஜர்’ பத்தியையும் அட்டவணையில் சேர்த்து, அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

5. குழுவினர் அனுப்பும் விவரங்களை ஏற்றுக்கொண்டதோடு வேலை முடிவதில்லை. ஒருவரின் இரண்டு நாள் தாமதம் அடுத்தவரின் தொடக்கத்தைத் தள்ளியிருக்கும். திட்டத்தைத் திறந்து, எது எங்கே நகர்ந்தது என்று பார்த்து, மறுபடி பப்ளிஷ் செய்யுங்கள்.

இன்னொன்று, இதற்கு எந்தப் பட்டனும் கிடையாது. பப்ளிஷ் ஆனதும், யாருக்கெல்லாம் தேதி மாறியதோ அவர்களிடம் நேரில் போய்ச் சொல்கிறேன். வேறு ஊரில் இருந்தால் போன் செய்கிறேன். தானாகப் போகும் மின்னஞ்சல் புதிய தேதியைச் சொல்லும். ஏன் மாறியது என்று அது சொல்லாது, அதனால் அவர்களுக்கு என்ன சிரமம் என்று கேட்கவும் கேட்காது. அன்று வெள்ளிக்கிழமை மாலையே நான் கேட்டிருந்தால், அந்தப் பெண் அக்காவுக்கு வளையல் போட்டுவிட்டு வந்திருப்பார்.