வீட்டுக்குள் கரிமூட்ட வாடை அடித்தால்...



சமீபத்தில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் இருந்தோம். சேமிப்பு, உள்கடன் எல்லாம் எழுதி முடித்த பிறகு ஓர் அக்கா எழுந்தார். "புகையில்லா அடுப்புன்னு சொல்லித்தானே போட்டுக் குடுத்தீங்க? இப்ப பழைய அடுப்பைவிட இதுலதான் கண்ணு எரியுது. சோத்துலகூட ஒரு வாடை அடிக்குது. இதை இடிச்சிட்டு மூணு கல்லு வச்சுக்கிறேன். இல்லாட்டி புது அடுப்புக்கு லோன் எழுதுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

கூட்டம் முடிந்ததும் அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தோம். புகைபோக்கிக் குழாயின் இணைப்பிலிருந்து தார் மாதிரிக் கருப்பாகச் சுவரில் வழிந்து காய்ந்திருந்தது. அந்தக் குழாய் பனை ஓலைக் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகிறது. அடுப்பை இடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அப்படியே விட்டிருந்தால் ஒருநாள் கூரை போயிருக்கும்.

இதில் எங்கள் தவறும் உண்டு. ஒருநாள் பயிற்சி வைத்து அடுப்புப் போடக் கற்றுக்கொடுத்தோம். குழாயைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுக்கவில்லை. இது புதுக்கதையும் இல்லை. ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் 1950-களிலேயே புகைபோக்கி வைத்த மண் அடுப்பை உருவாக்கி, அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். பிறகு 1983 முதல் மத்திய அரசு தேசியத் திட்டமாகவே எடுத்து, 2002 வரை நாடு முழுக்கக் கோடிக்கணக்கில் இப்படிப்பட்ட அடுப்புகளைப் போட்டது. அதில் நிறைய அடுப்பு சில வருஷங்களிலேயே கைவிடப்பட்டது. போட்டவர்கள் போய்விட்டார்கள், பழுது பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அதனால்தான் இந்த இதழில் இந்தப் பாடம்.

அந்த வாடை எங்கிருந்து வருகிறது?

நம் ஊர்ப்பக்கம் சீமைக்கருவேல விறகில் கரிமூட்டம் போடுவதைப் பார்க்காதவர் கிடையாது. விறகை அடுக்கி, மேலே மண் பூசி, காற்றே போகாமல் வேக வைப்பார்கள். விறகு எரியாமல் புழுங்கும். அப்போது மூக்கைத் துளைக்கிற ஒரு புகை வருமே, அதே புகைதான் உங்கள் குழாய்க்குள்ளும் போகிறது. நன்றாக எரிந்தால் அந்தப் புகையும் சேர்ந்து எரிந்துவிடும். எரியாமல் போன புகை, குளிர்ந்த குழாயில் பட்டதும் மூடித் தட்டில் ஆவி வேர்ப்பது போல வேர்த்து ஒட்டிக்கொள்கிறது. படித்தவர்கள் இதைக் கிரியோசோட் என்பார்கள். நாம் புகைத்தார் என்று வைத்துக்கொள்வோம். இது தானும் நன்றாக எரியக்கூடியது என்பதுதான் பயம்.

ஆக, வாடை வருகிறது என்றால் உங்கள் அடுப்பு கரிமூட்டமாக மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஏன் மாறுகிறது?

பெரும்பாலான வீடுகளில் நாம் பார்த்த முதல் காரணம் ஈர விறகு. வெட்டிய வாரமே சீமைக்கருவேலத்தை அடுப்பில் வைத்தால், வெப்பத்தில் ஒரு பங்கு தண்ணீரை விரட்டவே போய்விடும். விறகின் நுனியில் நுரை தள்ளி 'உஸ்' என்று சத்தம் கேட்டால் அது பச்சை. இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது 'டணக்' என்னும், பச்சை 'பொத்' என்னும். மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் இருந்தால் பிளந்துவிடுங்கள். சாத்தூர் வெயிலுக்குக் குறையே இல்லை. சித்திரை, வைகாசியில் வெட்டிப் பிளந்து, தரையில் படாமல் கல் மேல் அடுக்கினால், ஐப்பசி மழைக்கு முன்னால் நன்றாகக் காய்ந்துவிடும். பருத்திமார் சீக்கிரம் காயும், சீக்கிரம் எரிந்தும் போகும். தீ மூட்ட அதை வைத்துக்கொண்டு, கட்டையைப் பிறகு தள்ளுங்கள்.

இரண்டாவது காரணம் இது. விடியுமுன் கம்பெனி வேன் வந்துவிடும். அதனால் ராத்திரியே ஒரு பெரிய கட்டையை உள்ளே தள்ளி, வாயைச் சாம்பலால் மூடிவிட்டுப் படுக்கிறோம். காலையில் நெருப்பும் இருக்கும், வெந்நீரும் ரெடி. வேலைக்குப் போகிற பெண்ணின் கஷ்டம் புரிகிறது. ஆனால் ராத்திரி முழுக்க நடப்பது சாட்சாத் கரிமூட்டம்தான். சமைக்கும்போது சேருவதைவிட, தார் இப்படி வேகமாகச் சேர்ந்துவிடும். அதோடு, மூடிய அறையில் தணல் விடுகிற கரிப்புகைக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவர் உயிரையே எடுத்துவிடும். கட்டையை வெளியே இழுத்து அணைத்துவிட்டு, காலையில் பருத்திமாரில் மூட்டுங்கள். கூடுதலாகப் பத்து நிமிஷம் ஆகும், அவ்வளவுதான்.

மற்றவை சின்னச் சின்ன விஷயம். பெரிய குழியில் சின்ன டீச்சட்டியை வைத்தால் சந்து வழியாகப் புகை வரத்தான் செய்யும். அடுப்புப் போட்டபோது வைத்த அளவுப் பானையையே வையுங்கள். கொடி அடுப்பில் பாத்திரம் இல்லாதபோது மூடி போடுங்கள். வெடிப்பைச் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசுங்கள். குழாயின் தலை கூரைக்கு மேல் இரண்டு, மூன்று அடியாவது நிற்க வேண்டும். தாழ்வாக இருந்தால் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். மழை நாளில் குழாய் குளிர்ந்து கிடக்கும்போது, குழாய்க்குப் போகும் துவாரத்தின் பக்கம் முதலில் ஒரு கை காய்ந்த ஓலையைக் கொளுத்திக் காட்டினால், இழுவை வந்துவிடும்.

நம் ஊருக்கு மட்டும் உள்ள ஆபத்து

தீப்பெட்டி ஆபீசில் கழிக்கிற குச்சியை மூட்டையாக வாங்கி எரிக்கிறோம். குச்சியில் மெழுகு ஏற்றியிருந்தால் கரி அப்பும். தலை முக்கிய குச்சி என்றால் அதில் கந்தகமும் குளோரேட்டும் இருக்கிறது. மூச்சை அடைக்கிற நெடி அதனால்தான். அதைவிடப் பெரிய தவறு, பட்டாசுக் கம்பெனிக் கழிவுக் காகிதத்தையும் குழாயையும் அடுப்பில் வைப்பது. மருந்து ஒட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. "ஒண்ணும் ஆகாதுக்கா, ரொம்ப நாளா எரிக்கிறோம்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லிக் கைவிரல் வெந்துபோன வீட்டை நாமே பார்த்திருக்கிறோம். வேலை முடிந்து வந்தால், மருந்துத் தூசி படிந்த சேலையோடு அடுப்பு முன்னால் உட்காராதீர்கள். மாற்றிக்கொண்டு, கைகால் கழுவிவிட்டு மூட்டுங்கள்.

அமெரிக்கா மாதிரிக் குளிர் நாடுகளில் விறகு அடுப்புக்குள் தேன்கூடு போலத் துளைத்துளையாக ஒரு கட்டி வைக்கிறார்கள். அதில் பிளாட்டினம், பல்லேடியம் பூசியிருக்கும். சுமார் 260 டிகிரி சூடு வந்ததும் அது புகையையே எரித்துவிடும். விலை அதிகம், நமக்கு வேண்டாம். சொல்ல வந்தது என்னவென்றால், அவ்வளவு விலை அடுப்பிலும் இதே புகார்தான். ஈர விறகு வைத்தாலும், சூடேறுமுன் கதவை அடைத்தாலும் தார் வாடை. கலர் காகிதமும் பெயின்ட் அடித்த பலகையும் எரித்தால் அந்தப் பூச்சே கெட்டுவிடும்.

குழாயைச் சுத்தம் செய்ய, அடுப்பு முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, அதற்கு மேல் தேங்காய் நார்க் கொத்தைக் கட்டி, மேலிருந்து இறக்கி நாலைந்து தடவை இழுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஓட்டின் மேல் பெண்கள் தனியாக ஏற வேண்டாம், ஆம்பளைகளுக்கும் இதில் வேலை உண்டு. கீழே விழுந்த கரியைக் குழி தோண்டிப் புதையுங்கள். சிமெண்டுக் குழாயை ரம்பத்தால் அறுக்காதீர்கள், அந்தத் தூசியும் நுரையீரலுக்குக் கெடுதல். மாதம் ஒருமுறை, குழுக் கூட்டத்துக்கு முந்தின நாள் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

குழாய்க்குள் 'ஹோ' என்று இரைச்சல் கேட்டு, தொட முடியாமல் கொதித்தால், உள்ளே தார் பற்றிக்கொண்டது. குழாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடித்துவிடும். அடுப்பு வாயையும் குழிகளையும் ஈரச்சாக்கால் அடைத்துவிட்டு, பிள்ளைகளோடு வெளியேறி 101-க்குப் போன் செய்யுங்கள்.

வீட்டு அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. கேஸ் வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்துவது நல்லது. ஆனாலும் வெந்நீருக்கும் களி கிண்டவும் விறகை விட்டவர் நம் குழுக்களில் எத்தனை பேர்?

அந்த அக்கா வீட்டுக் குழாயில் ஒரு கூடைக் கரி வந்தது. செலவு, நார்க் கொத்துக்கும் கயிற்றுக்கும் மட்டும். லோன் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். குழாய் கூரையைத் தொடாதபடி சுற்றிலும் ஓலையை வெட்டி ஒதுக்கி, தகரம் வைத்து மண் பூசச் சொல்லியிருக்கிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் குழாயில் எடுத்த கரியில் ஒரு சிட்டிகையைத் தாளில் மடித்துக் கொண்டு வாருங்கள். பொடியாக உதிர்ந்தால் பரவாயில்லை. விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் விறகை மாற்ற வேண்டும். கண்ணாடி போல மினுமினுப்பாகக் கட்டி தட்டியிருந்தால், அடுப்பு மூட்டாமல் ஊக்குநரிடம் உடனே சொல்லுங்கள், நாம் நேரில் வந்து பார்க்கிறோம்.