பச்சைக் கொடியை அழுத்தியும் பூனை ஏன் திரும்பவில்லை?

மாணவர்களே, ஸ்கிராட்சில் ஒரு விளையாட்டைச் செய்து முடித்துவிட்டீர்கள். வீட்டில் நன்றாக ஓடியது. மறுநாள் ஆசிரியர் அதைத் திறந்து பச்சைக் கொடியை அழுத்துகிறார். ஆட்டம் தொடங்கும் முன்பே புள்ளி 50 என்று காட்டுகிறது, பூனையையும் காணோம்! கணினியில் கோளாறா? இல்லை.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். புதிய கோப்பில் பூனை மேடையின் நட்டநடுவில், அதாவது எக்ஸ் 0, ஒய் 0 என்ற இடத்தில் நிற்கும். பச்சைக் கொடிக் கட்டளையின் கீழ் ‘10 முறை திரும்பச் செய்’ என்பதைப் பொருத்தி, அதனுள் ‘10 அடி நகர்’ என்பதை வையுங்கள். கொடியை அழுத்தினால் பூனை எக்ஸ் 100இல் நிற்கும். மறுபடியும் அழுத்துங்கள். நடுவுக்குத் திரும்பாமல் 200க்குப் போய்விடும். மேடையின் வலது ஓரம் 240தான். ஆகவே மூன்றாம் முறை அதன் வால் பக்கம் மட்டுமே எட்டிப் பார்க்கும்.

பைத்தான் போன்ற மொழிகளில் நிரல் ஓடும் ஒவ்வொரு முறையும் மாறிகள் புதிதாகத் தொடங்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வுக்கூடம் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் அப்படியன்று. இங்கே எழுதும் நேரம், ஓடும் நேரம் என்ற பிரிவே கிடையாது. எந்தக் கட்டளையைச் சொடுக்கினாலும் அது உடனே வேலை செய்யும். பூனையை நீங்கள் சுட்டியால் இழுத்தாலும் நிரல் நகர்த்தினாலும் அதற்கு ஒன்றுதான். கடைசியாக நின்ற நிலையே உண்மையான நிலை. கோப்பைச் சேமித்தால் அதுவும் சேர்ந்தே சேமிக்கப்படும்.

குழப்பம் என்னவென்றால், சில மட்டும் தாமாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கொடியை அழுத்தியதும் நகல்கள் மறையும், கடிகாரம் 0 ஆகும், நிறம் மாற்றும் விளைவுகள் நீங்கும். இடம், அளவு, திசை, உடை, மாறிகள், பட்டியல்கள் ஆகியவை அப்படியே இருக்கும். ஆட்ட முடிவில் ‘மறை’ என்று சொல்லியிருந்தால் பூனை மறைந்தே கிடக்கும். அதை அழித்துவிட்டதாக நினைத்துப் புதிதாக வரைபவர்களும் உண்டு, பாவம்!

எனவே கொடிக் கட்டளைக்கு நேர் கீழே இவற்றை முதலில் வையுங்கள்: எக்ஸ் 0, ஒய் 0க்குச் செல், அளவு 100, திசை 90, காட்டு, புள்ளியை 0 ஆக்கு. ஆசிரியரிடம் கொடுப்பதற்கு முன் கொடியை மூன்று முறை அழுத்துங்கள். மூன்று முறையும் ஆட்டம் ஒரே மாதிரி தொடங்க வேண்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. பூனையின் கட்டளைகளைத் தவறுதலாக அழித்துவிட்டால், உடனே கண்ட்ரோல், இசட் விசைகளைச் சேர்த்து அழுத்தி மீட்கலாம். இடையில் வேறொரு பாத்திரத்தைச் சொடுக்கிவிட்டு வந்தால் ஸ்கிராட்ச் 3இல் அந்த வழி அடைபட்டுவிடும். அதனால் வேண்டாம் என்று தோன்றும் கட்டளைகளை உடனே அழிக்காமல், கொடிக் கட்டளையிலிருந்து பிரித்து ஓரமாக வையுங்கள். தலையில் கொடி இல்லாத தொகுதி தானாக ஓடாது.